34 வயதில், வேறு துறையிலிருந்து, அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்கப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: "எனக்கு 34 வயது. இந்தியாவில் எலக்ட்ரானிக்ஸில் பி.இ., அமெரிக்காவில் எம்.எஸ்., அதற்குப் பிறகு பத்து வருட மென்பொருள் வேலை. கணவர் வழியாக கிரீன் கார்டு வந்துவிட்டது. பல் மருத்துவராக வேண்டும் என்ற ஆசை விடமாட்டேன் என்கிறது. வயது தாண்டிவிட்டதா? பழைய பட்டம் செல்லுமா? வேலையை எப்போது விடுவது? கைவேலை எனக்கு வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

நானும் இந்த வழியாக வந்தவள்தான். மென்பொருள் சோதனைப் பிரிவில் எட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, 35 வயதில் டென்டல் ஸ்கூல் முதலாண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பள்ளி, கல்லூரி, நேராக டென்டல் ஸ்கூல் என்று வராதவர்களை இங்கே 'நான் ட்ரெடிஷனல்' மாணவர்கள் என்பார்கள். உங்களைப் போல என்னிடம் கேட்பவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேராவது இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வயதை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. இங்கே பல் மருத்துவப் பள்ளிகளில் மேல் வயது வரம்பு கிடையாது. மத்திய அரசின் நிதி பெறும் கல்வித் திட்டங்கள் வயதைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதை 1975ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வரும் செப்டம்பரில் முதல் வகுப்பில் சேர்ந்தால், முன்தேவைப் பாடங்களுக்கு (டென்டல் ஸ்கூலில் சேரும் முன் முடித்திருக்க வேண்டியவை) இரண்டு வருடம். விண்ணப்பித்த ஜூனுக்கும் வகுப்பு தொடங்கும் அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்கும் இடையில் பதினான்கு மாதம். 37இல் சேர்ந்து 41இல் வெளியே வருவீர்கள். 65 வரை வேலை செய்தால் 24 வருடம் கையில் இருக்கிறது. கடனை அடைக்கவும் மிச்சம் பிடிக்கவும் அது போதும் என்பது என் கணிப்பு. இதே கேள்வியை 48 வயதில் கேட்டிருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன்.

தேர்வுக் குழுவுக்கு உங்கள் மேல் இருக்கும் சந்தேகம் வயது இல்லை, வேறு இரண்டு. ஒன்று, பத்துப் பன்னிரண்டு வருடம் உயிரியல் பக்கமே வராத ஒருவர், உடற்கூறியலையும் உயிர்வேதியியலையும் ஒரே பருவத்தில் சேர்த்துக் கொட்டினால் தாங்குவாரா? இரண்டு, இந்த வேலை தினமும் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் வருகிறாரா, அல்லது இருக்கும் வேலை சலித்துப்போய் ஓடி வருகிறாரா? விண்ணப்பத்தில் நீங்கள் செய்யும் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுக்குப் பதிலாக இருக்க வேண்டும். பதிலாக இல்லாத எதற்கும் பணமோ நேரமோ செலவழிக்காதீர்கள்.

இடையில் ஒன்று. இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் பாதை வேறு. உங்களுக்கு 'கேப்பிட்' என்ற தனி விண்ணப்பம் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு, இரண்டரை அல்லது மூன்று வருடப் படிப்பு. கீழே நான் சொல்வது முதலிலிருந்து தொடங்குபவர்களுக்கு.

இப்போது பழைய பட்டம். பி.இ. வீண் இல்லை, ஆனால் நீங்கள் நினைக்கிற வேலையை அது செய்யாது. 'ஒரு பட்டம் வைத்திருக்கிறார்' என்ற கட்டத்தில் டிக் போட உதவும். அமெரிக்க எம்.எஸ். அதைவிட நன்றாக உதவும். ஆனால் பெரும்பாலான பள்ளிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவில் அல்லது கனடாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்கின்றன. பொறியியல் முதலாண்டில் நீங்கள் படித்த இயற்பியலையும் வேதியியலையும் சில பள்ளிகள் மதிப்பீட்டு அறிக்கையோடு ஏற்கும், பல ஏற்காது. வெளிநாட்டுப் படிப்பை எடைபோட்டுச் சொல்லும் டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற நிறுவனங்களிடம் பாடவாரியான மதிப்பீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பட்டச் சமானம் மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை இதற்குப் போதாது. நான் முதலில் அதை வாங்கி, மறுபடியும் பணம் கட்டினேன்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளுக்கான பொது விண்ணப்பம் 'ஆட்சாஸ்'. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம் நடத்துவது. வெளிநாட்டுப் பாடங்கள் அதன் ஜிபிஏ (நாலுக்கு எவ்வளவு என்ற மதிப்பெண் சராசரி) கணக்கில் பொதுவாகச் சேராது. அதாவது அரியர் வைத்தது, எம்-3 கணிதத் தாளில் தட்டுத்தடுமாறிப் பாஸானது எல்லாம் அந்த எண்ணுக்குள் வராது (மறைக்கக் கூடாது, படித்த எல்லாக் கல்லூரிகளையும் குறிப்பிட்டே ஆக வேண்டும்). உங்கள் இளநிலை ஜிபிஏ என்பது இனிமேல் எடுக்கப்போகும் ஐம்பது சொச்சம் கிரெடிட்டை வைத்தே எழும். வெள்ளைத் தாள் கையில் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாள் சிறியது, ஒரு சி விழுந்தாலும் பளிச்சென்று தெரியும்.

அமெரிக்காவிலேயே இளநிலை படித்து அதில் சொதப்பியவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆட்சாஸ் ஒரே பாடத்தை இரண்டு முறை எடுத்தால் இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டும், கல்லூரி பழையதை அழித்திருந்தாலும் சரி. 120 கிரெடிட்டில் 2.7 வைத்திருப்பவர் இன்னும் 40 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்கினாலும் மொத்தம் 3.03க்குத்தான் வரும். பல் மருத்துவப் பள்ளிகளில் சேர்பவர்களின் சராசரி 3.6 வாக்கில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் மொத்த எண்ணைத் தூக்குவதை மறந்துவிட்டு, கடைசி இரண்டு வருடத்தின் ஏறுமுகத்தைக் காட்டுவதும், தேவைப்பட்டால் உயிர்மருத்துவ அறிவியலில் ஒரு வருட முதுநிலை படிப்பதும்தான் வழி. டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. 'அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்ற மாநிலச் சட்டப்படி, பத்து வருடத்துக்கு மேல் பழையதான பாடங்களைக் கணக்கிலிருந்து விலக்கக் கேட்கலாம். ஆனால் முழுதாக விலக்க வேண்டும், நல்ல மதிப்பெண்ணை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்ள முடியாது.

என்னென்ன பாடங்கள்? ஆய்வகத்தோடு உயிரியல் 8 கிரெடிட், பொது வேதியியல் 8, கரிம வேதியியல் 8, இயற்பியல் 8. உயிர்வேதியியல் 3. இது பொதுவான அடித்தளம். இதற்கு மேல் ஒவ்வொரு பள்ளியும் தன் பங்குக்கு உடற்கூறியல், நுண்ணுயிரியல், ஆங்கிலம், புள்ளியியல் என்று ஏதாவது சேர்க்கும். போக நினைக்கும் பத்துப் பன்னிரண்டு பள்ளிகளை முதலிலேயே பட்டியல் போட்டு, ஒரு எக்செல் தாளில் நிபந்தனைகளை இறக்கிவிடுங்கள். கம்யூனிட்டி காலேஜ் (கட்டணம் குறைந்த இரண்டு வருடக் கல்லூரி) கிரெடிட்டுக்கு உச்சவரம்பு உண்டா, ஆன்லைன் ஆய்வகம் ஏற்பார்களா, பழைய பாடங்களுக்குக் காலாவதி உண்டா என்ற மூன்று நெடுவரிசை கட்டாயம் இருக்கட்டும். பத்து வருடம் மென்பொருளில் இருந்தவருக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

கம்யூனிட்டி காலேஜா நாலு வருடக் கல்லூரியா என்று எல்லாரும் கேட்பார்கள். வேலையில் இருந்துகொண்டே படிப்பவருக்கு மாலை வகுப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் படிக்க முடியும், அதைக் குழுவும் புரிந்துகொள்ளும். பொது வேதியியலையும் உயிரியலையும் கம்யூனிட்டி காலேஜில் முடியுங்கள். கரிம வேதியியலையும் உயிர்வேதியியலையும் முடிந்தால் நாலு வருடக் கல்லூரியில் எடுங்கள். முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம், பொது வேதியியல் மட்டும். சமன்பாட்டைச் சமப்படுத்துவதே மறந்திருக்கும். எனக்கு முதல் தேர்வில் 61 வந்தது. காரில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. நாலாவது வாரத்திலிருந்து பழைய மூளை திரும்பி வந்தது.

அந்த நாட்களில் ஒரு கல்லூரி ஆலோசகர், "உங்கள் வயதுக்கு டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு பொருத்தமாக இருக்குமே" என்றார். பல் மருத்துவரோடு இருந்து பல் சுத்தம் செய்பவர்தான் ஹைஜீனிஸ்ட். அவர் சொன்ன தொனி பிடிக்கவில்லை, ஆனால் கேள்வி நியாயமானது. இரண்டு மூன்று வருடத்தில் முடியும், கடன் சொற்பம், நல்ல சம்பளம். உங்களுக்குப் பிடித்தது நோயாளியோடு பேசுவதும் வாய் நலமும்தான் என்றால் அதையும் ஒருமுறை நிஜமாகவே யோசியுங்கள். நேர்முகத்தில் 'ஏன் ஹைஜீனிஸ்ட் ஆகவில்லை, ஏன் மருத்துவர் ஆகவில்லை' என்று கட்டாயம் கேட்பார்கள். யோசித்திருந்தால்தான் பதில் வரும்.

அதற்கான பதில் புத்தகத்தில் கிடைக்காது, கிளினிக்கில் நின்றால்தான் கிடைக்கும். இதை 'ஷேடோயிங்' என்பார்கள். மருத்துவர் வேலை செய்யும்போது ஒரு ஓரமாக நின்று பார்ப்பது. 100 மணி நேரம் என்பது பரவலான எதிர்பார்ப்பு. அதில் பெரும்பகுதி பொதுப் பல் மருத்துவரிடம் இருக்கட்டும். மிச்சத்தில் குழந்தைப் பல் மருத்துவர், வாய் அறுவை சிகிச்சை நிபுணர் என்று கொஞ்சம் பாருங்கள். தெரியாத கிளினிக்குக்குப் போன் செய்தால் நோயாளி ரகசியச் சட்டத்தைச் சொல்லி வைத்துவிடுவார்கள். நீங்கள் பல் காட்டப் போகும் மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். அவர் முடியாது என்றால் யாரைக் கேட்கலாம் என்று கேளுங்கள். பல மாநிலங்களில் 'மிஷன் ஆஃப் மெர்சி' என்று இலவசப் பல் சிகிச்சை முகாம்கள் நடக்கும். விளையாட்டரங்கிலோ கண்காட்சி மண்டபத்திலோ வரிசையாக நாற்காலி போட்டு இரண்டு நாள் முழுக்கச் சிகிச்சை செய்வார்கள். அங்கே துறை சாராத தன்னார்வலர்களுக்கும் வேலை உண்டு. வலியோடு விடிகாலை வரிசையில் நிற்கும் ஆட்களைப் பார்த்தால், இந்த நாட்டில் பல் வைத்தியம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது ஒரே நாளில் புரிந்துவிடும்.

நிற்கும்போது வாயை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவரின் கழுத்தைப் பாருங்கள். எத்தனை டிகிரி வளைந்திருக்கிறது, எத்தனை நிமிடம் அப்படியே இருக்கிறது. இந்தத் தொழிலில் கழுத்து வலியும் முதுகு வலியும் சர்வ சாதாரணம். ஊசியைக் கண்டு நடுங்கும் ஐம்பது வயது ஆளிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் இந்த கிரவுனுக்குப் பணம் தராது என்று முன் மேஜையில் சொல்லும்போது நோயாளி முகம் போகும் போக்கைப் பாருங்கள். ஒரு பகலில் பத்து முறை ஒரே மாதிரி ஃபில்லிங் செய்வதைப் பார்த்தும் உங்களுக்குச் சலிக்கவில்லையா என்று உங்களையே கேளுங்கள். அன்றன்று இரவே ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வையுங்கள். இந்த நோட்டுதான் பிறகு கட்டுரையாகும்.

என் உறுதியான அபிப்பிராயம் ஒன்று. வேதியியல் ஒரு பருவம், கிளினிக்கில் ஐம்பது மணி நேரம். இந்த இரண்டும் முடியாமல் வீட்டில் யாரிடமும் வாதாட வேண்டாம், மேனேஜரிடம் வாயே திறக்க வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு சொற்பம். பாதிப் பேருக்கு இதிலேயே தெளிந்துவிடும். தெளிந்து திரும்பிப் போவதும் நல்ல முடிவுதான்.

நுழைவுத் தேர்வு டி.ஏ.டி. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்துகிறது, பிராமெட்ரிக் மையங்களில் வருடம் முழுக்க எழுதலாம். முதல் பகுதி உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30 என்று 100 கேள்விகள், 90 நிமிடம். அப்புறம் வாசித்துப் புரிதல் 50 கேள்வி, கணிதம் 40 கேள்வி. இயற்பியல் கிடையாது. பொறியியல் படித்தவருக்குக் கணிதம் தண்ணீர் பட்ட பாடு. உயிரியல்தான் கடல். 40 கேள்விதான், ஆனால் தவளையின் கருவளர்ச்சியிலிருந்து தாவரத்தின் ஹார்மோன் வரை எங்கிருந்தும் வரும்.

இந்தத் தேர்வுக்கே உரியது பெர்செப்சுவல் எபிலிட்டி பகுதி. 60 நிமிடத்தில் 90 கேள்விகள். ஒரு பொருள் எந்த ஓட்டை வழியாக நுழையும், நாலு கோணங்களில் எது சிறியது, மடித்துத் துளையிட்ட காகிதத்தைப் பிரித்தால் துளைகள் எங்கே இருக்கும், அடுக்கிய கனசதுரங்களில் எத்தனை முகத்தில் வண்ணம் பட்டிருக்கும் என்ற ரகம். ஒரு காலத்தில் இந்த இடத்தில் சுண்ணக்கட்டியைக் கொடுத்துச் செதுக்கச் சொன்னார்கள். 1970களில்தான் அது போய் இது வந்தது. முதல் நாள் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் முழுக்க முழுக்கப் பயிற்சியில் வருவது. தினமும் அரை மணி நேரம், இரண்டு மாதம். பொறியியல் வரைபடத்தில் மேல் தோற்றம், முன் தோற்றம் வரைந்தது கொஞ்சம் கைகொடுக்கும்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஆட்கள் '20 எடுத்தேன், 22 எடுத்தேன்' என்பார்கள். 2025 மார்ச்சிலிருந்து அளவுகோல் மாறிவிட்டது, இப்போது 200 முதல் 600 வரை. இரண்டையும் ஒப்பிடும் அட்டவணையைச் சங்கமே வெளியிட்டிருக்கிறது. தேர்வை மறுபடி எழுதலாம், ஆனால் ஒவ்வொரு முறை எழுதியதும் பள்ளிக்குத் தெரியும். கட்டணமும் ஐநூறு டாலருக்கு மேல். 'சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்' என்பதற்கான தேர்வு இல்லை இது. கரிம வேதியியல் இரண்டாம் பருவம் முடிந்த சூட்டோடு எழுதுவது உத்தமம்.

அடுத்தது, நான் செய்த பெரிய தப்பு. ஆட்சாஸ் மே மாதம் திறக்கும், ஜூன் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். கடைசித் தேதி என்று பள்ளிகள் போட்டிருப்பது அக்டோபர், டிசம்பர், சிலவற்றில் அதற்கும் பிறகு. கடைசித் தேதிக்கு முன்னால் கொடுத்தால் போதும் என்று பழகிய ஆள் நான். முதல் முறை அக்டோபரில் சமர்ப்பித்தேன். ஒரு நேர்முகம்கூட வரவில்லை. பல பள்ளிகள் வர வர விண்ணப்பங்களைப் படித்து, வர வர நேர்முகத்துக்கு அழைத்துவிடுகின்றன. டிசம்பர் நடுவில் இட ஒப்புதல்கள் போகத் தொடங்கும். அக்டோபரில் போன என் விண்ணப்பம் மிச்சமிருந்த ஒன்றிரண்டு நாற்காலிக்குப் போட்டி போட்டது. அடுத்த வருடம் ஏறக்குறைய அதே விண்ணப்பத்தை ஜூனில் அனுப்பினேன், நேர்முகங்கள் வந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆறாயிரம் சொச்சம் இடங்களுக்குப் போட்டியிடும் களம் இது. நாட்டில் எழுபதுக்கு மேல் பல் மருத்துவப் பள்ளிகள் இருக்கின்றன, கதவு அவ்வளவு குறுகலானது இல்லை. ஆனால் சீக்கிரம் போய்த் தட்ட வேண்டும்.

டெக்சாஸில் உள்ள அரசுப் பல் மருத்துவப் பள்ளிகளுக்கு 'டிஎம்டிசாஸ்' என்ற தனி விண்ணப்பம், இடங்களில் பெரும்பகுதி மாநிலவாசிகளுக்கே. மற்ற மாநில அரசுப் பள்ளிகளிலும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முன்னுரிமை. ஆகவே உங்கள் மாநிலத்துப் பள்ளி பட்டியலில் முதலில் இருக்கட்டும். டி.டி.எஸ்., டி.எம்.டி. என்று இரண்டு பட்டங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. 1840இல் தொடங்கிய பால்டிமோர் கல்லூரி முதல் பெயரைக் கொடுத்தது. 1867இல் தொடங்கிய ஹார்வர்ட் பள்ளி லத்தீனில் வேறு பெயர் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பசிபிக் பல்கலைக்கழகப் பள்ளி நாலு வருடப் படிப்பை மூன்று வருடத்தில் முடிக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வருடச் சம்பளம் மிச்சம் என்பதால் சொல்கிறேன். விடுமுறையே இல்லாத ஓட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பரிந்துரைக் கடிதம் ஆட்சாஸில் நாலு வரை ஏற்றலாம். அறிவியல் பேராசிரியர் இருவர், பல் மருத்துவர் ஒருவர் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மாலை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் குழந்தையைக் கூப்பிட ஓடினால் யாருக்கும் உங்களைத் தெரியாது. மாதத்தில் இரண்டு முறையாவது பேராசிரியர் அறையில் போய் உட்காருங்கள். நாலாவது கடிதத்துக்கு உங்கள் மேலாளரைக் கேட்கலாம். 22 வயது மாணவரிடம் இல்லாதது அது.

கட்டுரைக்கு 4,500 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. இதில் நம் ஆட்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. என் முதல் வரைவில் முக்கால்வாசி மென்பொருள் வேலை எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்ற புலம்பல்தான். அதைப் படித்துப் பார்த்த ஒரு பல் மருத்துவர், "உனக்கு எது வேண்டாம் என்று தெரிகிறது, எது வேண்டும் என்று தெரியவில்லையே" என்றார். கிழித்துப் போட்டு நோட்டிலிருந்து எழுதினேன். பழைய பல் செட்டைப் பேப்பரில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர், புதியதைப் போட்டுக் கண்ணாடி பார்த்துவிட்டு, முதல் வேலையாகத் தன் பேத்தி பெயரைச் சொல்லிப் பார்த்தார், ஓசை சரியாக வருகிறதா என்று. அந்தக் காட்சிதான் என் முதல் பத்தி. உங்கள் நோட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். 'பிழை திருத்துவதும் பல் சிகிச்சையும் ஒன்றே' என்ற மாதிரி ஒப்புமைகளை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மென்பொருள்காரர்கள் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

சரி, பணம். இதில்தான் உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார வேண்டும். விண்ணப்பக் கட்டணம் முதல் பள்ளிக்கு 260 டாலருக்கு மேல், அடுத்த ஒவ்வொன்றுக்கும் நூறு டாலருக்கு மேல். பன்னிரண்டு பள்ளிக்குப் போட்டால் ஆயிரத்து ஐநூறு வாக்கில் வரும். அதெல்லாம் காலணா. படித்து முடிப்பவர்களில் கடன் உள்ளவர்களின் சராசரிக் கடன் மூன்று லட்சம் டாலர் அளவில் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகம், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற தனியார் பள்ளிகளில் வாழ்க்கைச் செலவையும் சேர்த்தால் நாலு வருடத்துக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டும். மூன்று லட்சத்தை 7 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் கட்ட மாதம் சுமார் 3,480 டாலர். இதோடு நாலு வருடம் உங்கள் சம்பளம் இல்லை. இதுதான் நிஜமான பெரிய செலவு, யாரும் எழுதிக் கூட்டுவதில்லை. எதிர்ப்பக்கத்தில், பல் மருத்துவர்களின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 1,70,000 டாலருக்கு மேல் என்கிறது தொழிலாளர் புள்ளிவிவரத் துறை. பத்து வருட மென்பொருள்காரராக உங்கள் சம்பளம் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் இருந்தால், பணத்துக்காக இதைச் செய்யாதீர்கள், லாபம் வராது.

2025 ஜூலையில் வந்த சட்டம் கடன் விதியை மாற்றிவிட்டது, பழைய தகவலை நம்பாதீர்கள். முன்பெல்லாம் 'கிராட் பிளஸ்' என்ற மத்தியக் கடன் முழுச் செலவையும் கொடுத்துவிடும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. தொழிற்கல்வி மாணவர்களுக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. மிச்சத்துக்குத் தனியார் கடன்தான். ஆகவே மாநிலப் பள்ளியில் உள்ளூர்க் கட்டணம் என்பது இனி வசதி இல்லை, கிட்டத்தட்ட கட்டாயம். இப்போதிருந்து இரண்டு மூன்று வருடச் சம்பளத்தில் எவ்வளவு ஒதுக்க முடியுமோ ஒதுக்குங்கள். கிரெடிட் ஸ்கோரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு இருப்பதால் மத்தியக் கடனுக்கு உங்களுக்குத் தகுதி உண்டு. எச்-4, எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. சில பள்ளிகள் அவர்களை விண்ணப்பிக்கவே விடுவதில்லை. முழுப் படிப்பு உதவித்தொகை தரும் தேசியச் சுகாதாரச் சேவைப் படைக்கும் ராணுவத் திட்டங்களுக்கும் குடியுரிமை வேண்டும். சேவைப் படை மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களில் குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்யச் சொல்லும். குடியுரிமைக்கு எப்போது தகுதி வருகிறது என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். படிப்பின் நடுவில் வந்தாலும் பிரயோஜனம்தான்.

வேலையை எப்போது விடுவது என்றால், இட ஒப்புதல் கடிதம் கையில் வந்து, முன்பணம் கட்டிய பிறகு. அதற்கு முன்னால் ஒரு நாள்கூட வேண்டாம். கரிம வேதியியல் ஆய்வகம் பகலில்தான் இருக்கிறது என்றால் அந்தப் பருவத்துக்கு மட்டும் நேரத்தைக் குறைத்துக் கேளுங்கள். நிறுவனம் கல்வி உதவி தருகிறதா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கம்யூனிட்டி காலேஜ் பாடங்களுக்கு அது தாராளம். வேலைக்குச் சம்பந்தமில்லாத படிப்புக்குத் தருவார்களா என்பது அவரவர் நிறுவன விதி.

நேர்முகத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து வருடம் மீட்டிங்கில் பேசியவருக்கு அது பழகிய இடம். ஒன்று மட்டும், அனுபவஸ்தர் என்ற நினைப்பில் அதிகம் பேசிவிடாதீர்கள். உங்களை எடைபோடுபவர்களில் 24 வயது மாணவர்களும் இருப்பார்கள், அவர்கள் சொல்வதற்கும் மதிப்பு உண்டு.

கடைசியாகக் கை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்தானே, சால்டரிங் அயர்னை எடுங்கள். அரிசி மணியைவிடச் சிறிய சர்ஃபேஸ் மவுன்ட் உறுப்புகளைப் பலகையில் ஒட்டிப் பாருங்கள். அதில் உங்களுக்கு மணி போவது தெரியவில்லை என்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது. இந்தப் பொழுதுபோக்கை விண்ணப்பத்திலும் எழுதலாம், எம்பிராய்டரி, ஓவியம், வீணை எல்லாவற்றையும் கைத்திறனுக்குச் சான்றாகப் பார்ப்பார்கள். இன்னொரு சோதனை. மேல் பற்களைப் பெரும்பாலும் சிறு கண்ணாடியில் பார்த்தே வேலை செய்ய வேண்டும். ஒரு காகிதத்தில் நட்சத்திரம் வரைந்து, அதை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தபடி கோட்டின் மேலேயே பேனாவை ஓட்டுங்கள். முதலில் கை எதிர்ப்பக்கம் ஓடும். ஒரு வாரத்தில் திருந்துகிறதா என்று பாருங்கள். முதல் நாளே சரியாக வர வேண்டியதில்லை, திருந்துகிறதா என்பதுதான் முக்கியம். பள்ளியில் சேர்ந்த பிறகு எப்படியும் ஒன்றாவது படியிலிருந்துதான் சொல்லித் தருவார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முதலாண்டில் மெழுகில் பல் செதுக்கும் வகுப்பு. கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல். மூன்று மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்கிக் கொண்டுபோய் நீட்டினேன். ஆசிரியர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இடது பக்கத்துப் பல்லா, வலது பக்கமா?" என்று கேட்டார். செதுக்கிய எனக்கும் அதைப் பார்த்தால் சொல்லத் தெரியவில்லை. எட்டாவது மெழுகில்தான் அவர் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.